முதலில் சென்டர் எடுங்கள்

(வீட்டிலேயே பட்டறை வைத்திருக்கும் நண்பர்களின் கூட்டம் ஒன்றில், கோவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டு மில்லிங் மெஷினுக்கு ரோட்டரி டேபிள் வாங்கலாமா, வாங்கினால் எந்த அளவு, வாங்கிய பிறகு எப்படி வேலை வாங்குவது என்று கேட்டுத்தான் என்னை இங்கே பேச அழைத்தீர்கள். பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள். உங்கள் மெஷினின் உயரத்துக்கு ஏற்ற அளவில் சின்னதாக வாங்குங்கள். அப்படி மிச்சமாகும் பணத்தில் நல்ல லீவர் டயல் ஒன்று வாங்கி, சென்டர் எடுக்கப் பழகுங்கள். உயர்ந்த ரக ரோட்டரியை அரைகுறையாக சென்டர் எடுத்துப் பிடித்தால் வருகிற பிழை, சுமாரான ரோட்டரியின் உள்ளே இருக்கிற பிழையைவிடப் பல மடங்கு அதிகம். பேச்சின் நடுவில் இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. பம்ப் பட்டறையிலோ ஃபவுண்டரியிலோ கொஞ்ச நாளாவது கை அழுக்கான மனிதர் இங்கே ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அதனால் லேத் என்றால் என்ன, எண்ட் மில் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

முதல் கேள்வி, ரோட்டரி உங்களுக்கு எதற்கு என்பது. ஃபிளாஞ்சில் ஆறு ஓட்டை போடுவதற்கு மட்டும்தான் என்றால் வாங்காதீர்கள். 50 மி.மீ. பி.சி.டி.யில் ஆறு ஓட்டை வேண்டும் என்று வையுங்கள். நடுவிலிருந்து எக்ஸில் 25, ஒய்யில் 0 என்பது ஒரு ஓட்டை. எக்ஸில் 12.5, ஒய்யில் 21.65 என்பது இன்னொன்று. இந்த இரண்டின் கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றி எழுதினால் மீதி நான்கும் வந்துவிடும். டி.ஆர்.ஓ. இருந்தால் அதுவே கணக்குப் போட்டுத் தரும். அது இல்லாவிட்டாலும், ஒரே பக்கத்திலிருந்து கைப்பிடியைச் சுற்றி வரும் ஒழுங்கு இருந்தால் காலரில் படித்தே போட்டுவிடலாம். இந்த வேலைக்காக ரோட்டரியைத் தூக்கி வைத்து, சென்டர் எடுத்து, போல்ட் முறுக்குவது வீண் உழைப்பு.

நேர்கோட்டில் நகர்கிற மெஷினால் செய்ய முடியாத வேலைக்குத்தான் ரோட்டரி. கனெக்டிங் ராடின் தலையை உருட்டி எடுப்பது, வளைந்த ஸ்லாட் போடுவது, கியர் வெட்டுவது, லேத்துக்குப் புதிய காலர் செய்து அதில் கோடு போடுவது, கேம் செய்வது. சின்ன நீராவி எஞ்சின் கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் அன்றாட வேலை. இங்கிலாந்தில் 1898இல் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ இதழின் வாசகர்கள், வீட்டுப் பின்கட்டில் சின்ன லேத்தை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இதே வேலைகளைச் செய்து வந்திருக்கிறார்கள். ஜார்ஜ் தாமஸ் என்பவர் வட்டத்தைப் பங்கிடுவதைப் பற்றி மட்டுமே தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். கிடைத்தால் படியுங்கள். வீட்டில் வேலை செய்கிறவர் எவ்வளவு நுணுக்கத்துக்குப் போக முடியும் என்று அதில் தெரியும்.

இனி, ரோட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வட்டத் தட்டின் அடியில் ஒரு வார்ம் வீல். அதன் பல்லில் பொருந்தி நிற்கும் வார்ம். வார்மின் முனையில் கைப்பிடி. கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் வீலில் ஒரு பல் நகரும். அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டை நுட்பத்தின் உச்சிக்குக் கொண்டுபோனவர் லண்டனில் கருவிகள் செய்த ஜெஸ்ஸி ராம்ஸ்டன். கடற்பயணத்துக்கான செக்ஸ்டன்ட் கருவிகளில் பாகைக் கோடுகளைக் கையால் அளந்து அளந்து கீறிக்கொண்டிருந்த காலம் அது. அவர் 45 அங்குல விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் 2160 பல் வெட்டினார். திருகை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 10 நிமிடக் கோணம் திரும்பும். 2160ஐ 10ஆல் பெருக்கினால் 21,600 நிமிடம், அதாவது முழு 360 பாகை. 1777இல் பிரிட்டனின் நெடுங்கோட்டு வாரியம் அவருக்கு 615 பவுன் கொடுத்தது. மெஷினின் விவரத்தை வெளியிட வேண்டும், மற்றக் கருவியாளர்களுக்கும் கற்றுத்தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த மெஷின் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டு மெஷினில் ஏறி உட்காரப்போகிற ரோட்டரி அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குரிய மரியாதையோடு அதைக் கையாள வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நமக்குக் கிடைக்கும் ரோட்டரிகளில் வார்ம் விகிதம் பெரும்பாலும் 40, 60, 72, 90 இவற்றில் ஒன்றாக இருக்கும். 90 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு 4 பாகை. 72 என்றால் 5 பாகை. 60 என்றால் 6. 40 என்றால் 9. எது நல்லது என்று சண்டை போட வேண்டாம். கோணத்தைக் காலரில் படித்து வேலை செய்கிறவருக்கு 72 சுலபம். 45 பாகைக்குச் சரியாக 9 சுற்று. 90இல் அதே கோணத்துக்கு பதினொன்றே கால் சுற்று வேண்டும். ஆனால் ஒரு சுற்றுக்குக் கோணம் குறையக் குறைய, காலரில் ஒரு நிமிடத்துக்கான இடைவெளி அகலமாகி, கண்ணுக்குப் படிக்க வசதியாகும். பழைய ரோட்டரி வாங்கினால் விகிதம் என்னவென்று கேட்டு நம்பிவிடாதீர்கள். தட்டு ஒரு முழு வட்டம் வரும்வரை கைப்பிடிச் சுற்றை எண்ணிப் பாருங்கள். எண்ணிய விகிதத்தை ரோட்டரியின் உடம்பிலேயே பெயின்டால் எழுதிவையுங்கள்.

அளவுக்கு வருவோம். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். தட்டு பெரிதாக இருந்தால் பெரிய ஜாப் பிடிக்கலாம் என்று நினைத்து 6 அங்குலமோ 8 அங்குலமோ வாங்கிவிடுகிறார்கள். தட்டின் அகலத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். ஒரு சின்ன மெஷினில் ஸ்பிண்டில் மூக்கிலிருந்து மெஷின் டேபிள் வரை 280 மி.மீ. இருக்கிறது என்று வைப்போம். 6 அங்குல ரோட்டரியின் உயரம் சுமார் 80. அதன்மேல் பேக் பிளேட்டோடு ஒரு சின்ன மூன்று தாடை சக் வைத்தால் இன்னொரு 75. தாடைக்கு மேலே ஜாப் 25 நீட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டினால் 180. மிச்சம் 100. டிரில் சக்கும் அதன் ஆர்பரும் சேர்ந்தாலே அந்த 100 போய்விடும். டிரில்லுக்கு இடம் எங்கே? காலெட்டில் நேரடியாக டிரில்லைப் பிடித்தால்தான் அங்கே ஓட்டை போட முடியும். அதே மெஷினில் 4 அங்குல ரோட்டரியை வைத்து, சக் இல்லாமல் ஜாப்பை நேரடியாகத் தட்டில் கிளாம்ப் செய்தால், 180 மி.மீ.க்கு மேல் இடம் கிடைக்கும். கடைக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கூட்டலை ஒரு காகிதத்தில் உங்கள் மெஷினுக்குப் போட்டுப் பாருங்கள்.

உயரத்துக்கு அடுத்தது, அது உட்காரும் இடம். நம்மில் பலரிடம் இருக்கும் சின்ன மெஷின்களின் டேபிள் அகலம் 90 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். அதன்மேல் 6 அங்குல ரோட்டரி இரண்டு பக்கமும் வழிந்து நிற்கும். அதன் காதுகளில் உள்ள போல்ட் துளைகள் மெஷின் டேபிளின் டி-ஸ்லாட்டோடு பொருந்தாது. நடுவில் ஒரு தடித்த பிளேட் போட்டுத்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பிளேட்டும் உயரத்தில் 15, 20 மி.மீ. தின்றுவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். ரோட்டரியின் கைப்பிடி மெஷின் டேபிளின் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் முழுச் சுற்று சுற்ற விடாமல் டேபிளில் இடிக்கும். கைப்பிடி வெளியே வருகிற நிலையில், ரோட்டரியின் நடு ஸ்பிண்டிலின் கீழ் வந்து சேர ஒய் நகர்வு போதுமா, பின்னால் தூணில் இடிக்குமா என்பதை வாங்கும் முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள். என் தீர்ப்பு இது: மேசைமேல் வைக்கிற சின்ன மெஷினுக்கு 4 அங்குலம். தரையில் நிற்கிற, நல்ல தலை உயரமுள்ள மெஷினுக்கு 6 அங்குலம். அதற்கு மேல் வீட்டுப் பட்டறைக்கு வேண்டாம். 8 அங்குல ரோட்டரியைத் தனியாளாகத் தூக்கி ஏற்றினால் முதுகு போய்விடும்.

படுக்கவும் நிறுத்தவும் முடிகிற ரோட்டரியாக வாங்குங்கள். கியர் வெட்டும்போது நிறுத்தி வைக்க வேண்டும். அப்போது மறுமுனையைத் தாங்க டெய்ல்ஸ்டாக் தேவைப்படும். அதன் சென்டர் உயரம் ரோட்டரியின் சென்டர் உயரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ரோட்டரியோடு சேர்த்து அதே கம்பெனியின் டெய்ல்ஸ்டாக்கையும் வாங்குவது நல்லது. நடுத் துளை மோர்ஸ் டேப்பராக இருப்பது மிக முக்கியம். வெறும் நேர் துளை உள்ள ரோட்டரி மலிவாகக் கிடைத்தாலும் ஒதுக்கிவிடுங்கள். ஏன் என்று சென்டர் எடுக்கிற பகுதியில் புரியும்.

பழையது வாங்குகிறவர்கள் பையில் டயலையும் மேக்னெட் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். நடுத் துளைக்குள் டயலின் நுனியை வைத்துத் தட்டைச் சுற்றினால் ஊசி அசையக் கூடாது. தட்டின் மேல்முகத்தில் வைத்துச் சுற்றினாலும் அப்படியே. தட்டின் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஊசி துள்ளினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. தட்டில் டிரில் இறங்கிய வடுக்கள் இருந்தால் கவலைப்பட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். வார்மின் தளர்வுக்கும் பயப்பட வேண்டாம், அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. நடுத் துளை ஓடினால் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள்.

புதிதாக வந்தாலும் அப்படியே மெஷினில் ஏற்றாதீர்கள். இறக்குமதியாகி வரும் ரோட்டரிகள் பலவற்றில் துரு பிடிக்காமல் இருக்கத் தடவிய கெட்டி கிரீஸும், அதில் ஒட்டிய வார்ப்பு மணலும் உள்ளேயே இருக்கும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நல்ல ஆயில் விட்டு, மறுபடி பூட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். மணலோடு சுற்றினால் வார்ம் வீல் தேய்ந்துபோகும், அதற்கப்புறம் எந்த மருந்தும் இல்லை. கழற்றும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும் ஒரு லாபம்.

பூட்டும்போது தளர்வைச் சரிசெய்யலாம். தளர்வு இரண்டு இடத்தில் இருக்கும், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வார்ம் தன் கூட்டுக்குள் முன்னும் பின்னும் நகர்வது. அதை முனையில் உள்ள நட்டை இறுக்கித் தீர்க்க வேண்டும். மற்றது, வார்மின் பல்லுக்கும் வீலின் பல்லுக்கும் இடையே உள்ள இடைவெளி. பெரும்பாலான ரோட்டரிகளில் வார்ம் ஒரு எக்சென்ட்ரிக் புஷ்ஷுக்குள் இருக்கும். புஷ்ஷைத் திருப்பினால் வார்ம் வீலை நெருங்கும், எதிர்ப்பக்கம் திருப்பினால் முழுதாக விலகித் தட்டு கையால் சுழலும். நெருக்கிவிட்டு உடனே திருப்தி அடையாதீர்கள். தட்டை முழு வட்டம் சுற்றிப் பாருங்கள், எங்கேயாவது ஓரிடத்தில் இறுகும். அந்த இறுக்கமான இடத்தில் லேசாகச் சுழலும்படி வைத்துவிட்டு, மற்ற இடத்தில் இருக்கும் சிறு தளர்வோடு வாழப் பழகுங்கள். தளர்வு முழுதாகப் போகவே போகாது. எந்தக் கோணத்துக்கும் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நின்றால் அது வேலையைக் கெடுக்காது. கொஞ்சம் தாண்டிவிட்டால் அரைச் சுற்றாவது பின்னால் போய், மறுபடி அதே பக்கத்திலிருந்து வர வேண்டும்.

இப்போது சென்டருக்கு வருகிறேன்.

சென்டர் எடுப்பது இரண்டு தனி வேலை. முதலாவது, ரோட்டரியின் நடுவை ஸ்பிண்டிலின் நடுவுக்கு நேராகக் கொண்டுவருவது. இரண்டாவது, ஜாப்பின் நடுவை ரோட்டரியின் நடுவுக்குக் கொண்டுவருவது. இவை இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் மணிக்கணக்கில் டயலோடு மல்லாடுகிறார்கள். முதல் வேலையில் டயலை ஸ்பிண்டிலில் பிடித்து, ஸ்பிண்டிலைக் கையால் சுற்ற வேண்டும். டயலின் நுனி ரோட்டரியின் நடுத் துளைச் சுவரில் ஊர்ந்து வரும். எக்ஸையும் ஒய்யையும் நகர்த்தி ஊசியை நிறுத்துங்கள். நிறுத்திய இடத்தில் காலர் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள், எந்தப் பக்கத்திலிருந்து வந்து நின்றீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வேலையில் ஸ்பிண்டில் அசையக் கூடாது. டயல் அப்படியே நிற்க, வார்மை விலக்கிவிட்டுத் தட்டைக் கையால் சுற்றுங்கள். நுனி ஜாப்பில் படட்டும். இப்போது எக்ஸ், ஒய் கைப்பிடிகளைத் தொடவே கூடாது. ஜாப்பைப் பித்தளைத் துண்டால் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். ஸ்பிண்டில் சுற்றினால் மெஷினை நகர்த்து, தட்டு சுற்றினால் ஜாப்பை நகர்த்து. இதைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும்.

மோர்ஸ் டேப்பர் நடுத் துளையின் அருமை இங்கே தெரியும். லேத்தில் அந்த டேப்பருக்கு ஒரு பிளக் கடைந்து, அதன் மேல்முனையில் 10 மி.மீ. பின் ஒன்று விடுங்கள். ஜாப்பின் நடுவில் 10 மி.மீ. ஓட்டை ரீமர் போட்டு எடுத்திருந்தால், பின்னில் செருகிய உடனே இரண்டாவது வேலை முடிந்தது. ஒரே மாதிரி எட்டு ஜாப் செய்ய வேண்டும் என்றால் எட்டு முறை டயல் பிடிக்க வேண்டியதில்லை.

உருண்டைத் தூண் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தூணில் தலையைத் தளர்த்தி ஏற்றி இறக்கினால் அது பக்கவாட்டில் திரும்பிவிடும், எடுத்த சென்டர் போய்விடும். வேலையில் வரப்போகிற மிக நீளமான டூலையும் மிகக் குட்டையான டூலையும் முன்கூட்டியே யோசித்து, தலையை ஒரே உயரத்தில் வைத்து எல்லாவற்றையும் முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

நான் தொடக்கத்தில் வாக்களித்த கணக்கு இதோ. ஜாப் நடுவிலிருந்து 0.05 மி.மீ. விலகி உட்கார்ந்திருக்கிறது, அதாவது ஒரு காகிதத்தின் கனத்தைவிடவும் குறைவு. ஓட்டைகள் 25 மி.மீ. ஆரத்தில் விழுகின்றன. 0.05ஐ 25ஆல் வகுத்தால் 0.002 ரேடியன். கோணத்தில் அது ஏறக்குறைய 7 நிமிடம். ஒரு சுமாரான ரோட்டரியின் வார்ம் வீலில் 1 நிமிடம் பிழை இருக்கிறது என்று வையுங்கள். அதே 25 மி.மீ. ஆரத்தில் அந்தப் பிழை 0.007 மி.மீ.தான். நீங்கள் சென்டர் எடுக்கையில் விட்ட பிழை, கம்பெனி விட்ட பிழையைப்போல ஏழு மடங்கு. விலை உயர்ந்த ரோட்டரி வாங்கினால் அந்த ஒரு பங்குதான் குறையும். மீதி ஏழு பங்கு உங்கள் கையில்தான் இருக்கிறது.

வட்டம் நடுவை இழந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், லண்டனில் வில்லியம் கேரி செய்த பெரிய தியோடலைட் ஒன்றை வைத்திருந்தார். அதன் கிடைவட்டம் மட்டும் 36 அங்குலம். அரை டன் எடை. வழியிலேயே கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மொரீஷியஸ் போய், பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்த கருவி அது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, வட்டம் நெளிந்துவிட்டது. அந்த வட்டம் போனால் அளவையே நின்றுபோகும். இன்னொன்று லண்டனிலிருந்து வர ஆண்டுக்கணக்கு ஆகும். லாம்டன் தட்டையான பலகையில் பழைய வட்டத்தின் அளவுக்கே ஒரு வட்டம் வரைந்து, ஆப்பும் திருகும் கொண்டு நெளிந்த வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அந்தக் கோட்டோடு பொருத்தினார். ஆறு வாரம் பிடித்தது. அப்புறம் அதே கருவியை வைத்துத் தென்னிந்தியாவை அளந்தார். வட்டக் கருவியைச் செய்வதில் உள்ள கவனம் அதைத் தூக்குவதிலும் வேண்டும். நம்முடைய 15 கிலோ ரோட்டரிக்கும் இது பொருந்தும். அதைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், வார்ம் வளைந்துவிடும். உடம்பை அடியில் தாங்கித் தூக்குங்கள். மெஷின் டேபிளையும் ரோட்டரியின் அடியையும் கையால் தடவி, ஒரு சீவல்கூட இல்லை என்று உறுதி செய்த பிறகே இறக்குங்கள்.

வெட்டுவதற்குப் போவோம். வெளிவளைவு 12 மி.மீ. ஆரம், கட்டர் 10 மி.மீ. என்றால், நடுவிலிருந்து எக்ஸில் 12உம் 5உம் சேர்த்து 17 நகர்த்தி, எக்ஸையும் ஒய்யையும் லாக் செய்துவிடுங்கள். 30 மி.மீ. ஆரத்தில் உள்வளைவு என்றால், 30இல் 5 போக 25. இனி நகரப்போவது ரோட்டரி மட்டும். எந்தப் பக்கம் சுற்றுவது என்பதுதான் உயிர்நாடி. ஸ்பிண்டில் மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் ஓடுகிறது. வெளிவிளிம்பு வெட்டும்போது ரோட்டரியையும் கடிகாரச் சுற்றிலேயே சுற்றுங்கள். உள்விளிம்பு வெட்டும்போது எதிர்ச்சுற்றில். இப்படிச் செய்தால் தொடுகிற இடத்தில் கட்டரின் பல்லும் ஜாப்பும் எதிரெதிராக வரும். மாறிச் சுற்றினால் கட்டர் ஜாப்பைத் தன் பக்கம் இழுக்கும். வார்மில் உள்ள தளர்வு முழுவதும் ஒரே இழுப்பில் தாவும். கட்டர் உடையும், ஜாப் கெடும். தட்டின் லாக்கை முழுதாகத் தளர்த்தாமல் லேசாக இறுக்கிவைத்து, கொஞ்சம் கனமாகச் சுழலும்படி வெட்டினால் அதிர்வும் குறையும். முழு அகல ஸ்லாட்டில் ஒரு சுவர் சரியான பக்கமும் மற்றச் சுவர் தவறான பக்கமுமாகத்தான் வரும். அங்கே சிறிய கட்டரால் மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் ஒவ்வொரு சுவரையும் அதற்குரிய சுற்றில் தனித்தனியாக இழைத்து முடியுங்கள்.

ஸ்பிண்டிலை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு முழு வட்டம் வெறுமனே சுற்றிப் பாருங்கள். கிளாம்ப் கட்டரில் இடிக்கிறதா, போல்ட் தலை தூணில் இடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஜாப்பின் அடியில் ஒரு அலுமினியப் பிளேட்டைப் போடுங்கள். கட்டர் அதை வெட்டட்டும், தட்டை வெட்ட வேண்டாம். ஓட்டை போடும்போதும் கியர் பல் வெட்டும்போதும் ஒவ்வொரு முறையும் லாக், வெட்டு, லாக் தளர்த்து, சுற்று. இந்த வரிசை கைக்குப் பழக வேண்டும். லாக் போட்டபடியே கைப்பிடியை முறுக்கினால் வார்ம் வீலின் பல் பிய்ந்துவிடும். சுழலும் கட்டருக்குப் பக்கத்தில் சீவலைக் கையால் தள்ளவே கூடாது. பிரஷ் இருக்கிறது.

வட்டத்தைப் பங்கிடுவதற்கு டிவைடிங் பிளேட் தேவை. கைப்பிடிச் சுற்றுகளைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 90 விகிதத்தில் 40 பல் கியர் என்றால் இரண்டே கால் சுற்று. 20 துளை வட்டத்தில் இரண்டு முழுச் சுற்றும் 5 துளையும். ஏழு பங்கு என்றால் 12 சுற்றும் ஏழில் ஆறும். 21 துளை வட்டத்தில் 18 துளை. 13 பங்கு என்றால் 6 சுற்றும், 39 துளை வட்டத்தில் 36 துளையும். துளை எண்ணும்போது பின் நிற்கிற துளையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்காகத்தான் செக்டர் கைகள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் பிறகு எண்ணவே வேண்டாம்.

பிளேட் வாங்கும் முன் உங்களுக்கு வேண்டிய எண்களைப் போட்டுப் பாருங்கள். பிரௌன் அண்ட் ஷார்ப் வகையில் மூன்று பிளேட். 15 முதல் 20 வரை ஒன்று. 21, 23, 27, 29, 31, 33 இன்னொன்று. 37, 39, 41, 43, 47, 49 மூன்றாவது. லேத் காலரில் 100 கோடு போட 90 விகிதத்தில் 20 துளை வட்டத்தில் 18 துளை போதும். ஆனால் 125 கோடு வேண்டும் என்றால் 25இன் மடங்காக ஒரு துளை வட்டம் தேவை. அது இந்த மூன்றிலும் இல்லை. 127 பல் கியர் வேண்டும் என்றால் 127 துளை பிளேட்டே வேண்டும், ஏனென்றால் அந்த எண் வேறெதனாலும் வகுபடாது. அங்குல லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட ஆசைப்படுகிறவர்கள் அந்தக் கியரை விலைக்கு வாங்கிவிடுவது உத்தமம்.

பிளேட் இல்லாமல் பாகையிலேயே பங்கிடுவதானால், ஒவ்வொரு கோணத்தையும் பூஜ்யத்திலிருந்து கணக்கிட்டு முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஏழு பங்குக்கு ஒரு பங்கு 51 பாகை 25 நிமிடம் 43 நொடி. அதை 51 பாகை 26 நிமிடம் என்று முழுதாக்கி, ஏழு முறை கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 2 நிமிடம் மிஞ்சி நிற்கும். பட்டியலாக எழுதி, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக முழுதாக்கினால் எந்த இடத்திலும் அரை நிமிடத்துக்கு மேல் பிழை போகாது. வெட்டியதும் அந்த வரியை அடித்துவிடுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டுப் போய்த் திரும்பினால் எங்கே விட்டோம் என்று அந்தக் காகிதம் சொல்லும்.

வேலை முடிந்ததும் ரோட்டரியை மெஷினிலேயே விட்டுவைக்காதீர்கள். அதன் வாயெல்லாம் சீவலும் கூலன்ட்டும் போய் அடைந்துவிடும். இறக்கி, டி-ஸ்லாட்டை பிரஷ்ஷால் துடைத்து, மெல்லிய ஆயில் பூசி, துணி போட்டு மூடிவையுங்கள். வார்மை விலக்கி மறுபடி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பல்லில் சீவல் இல்லை என்று பார்த்துவிட்டே சேருங்கள். ஒரே ஒரு சீவல் அங்கே நசுங்கினால் அந்த இடத்தில் தட்டு எப்போதும் தட்டித் தட்டிச் சுற்றும். கடலோர ஊர்களிலிருந்து வந்திருப்பவர்கள் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை துணியை விலக்கிப் பாருங்கள், தட்டின் முகத்தில் துரு மிக வேகமாக ஏறும்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ரோட்டரி வாங்கியவர்கள் முதல் நாளே கியர் வெட்ட இறங்காதீர்கள். ஒரு அலுமினியத் துண்டைப் பிடித்து, சென்டர் எடுத்து, ஒரு வளைவு வெட்டி, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சென்டர் எடுத்து அதே வளைவில் கட்டரை ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறை கட்டர் உலோகத்தைத் தொட்டும் தொடாமலும் சுற்றி வந்தால், உங்கள் ரோட்டரி வேலைக்குத் தயார்.